25 வருஷம் கழித்து ஒன்று சேர்ந்த ராக் பேண்டில் புது ஆளாகச் சேர்ந்திருக்கிறேன். யோசனை சொல்லுங்கள்

நாலுகம்பி | பிப்ரவரி 9

வணக்கம். வயது 47, பள்ளிக்கரணை வாசம், ஓஎம்ஆரில் வேலை. கல்லூரியில் பேஸ் கிட்டார் வாசித்தவன். கடைசியாக மேடை ஏறியது 2003-ல். அப்புறம் கிட்டார் பரணுக்குப் போனது. நடுவில் இரண்டு தடவை கீழே இறங்கியதும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போதுதான்.

எங்கள் அபார்ட்மெண்டில் பி பிளாக்காரர் ஒருவர். மூன்று வருஷமாக அவரிடம் நான் பேசியதெல்லாம் தண்ணீர் லாரி, மெயிண்டனன்ஸ் பாக்கி. போன மாதம் லிஃப்டில் பார்த்தால் அவர் பைக்குள்ளிருந்து டிரம் குச்சி எட்டிப் பார்க்கிறது. "நீங்க வாசிப்பீங்களா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். அவ்வளவுதான், இப்போது நான் ஒரு பேண்டில் இருக்கிறேன்.

அவர்கள் நாலு பேர், ஒரே பொறியியல் கல்லூரி, 2000-ல் படிப்பை முடித்த செட். அந்தக் காலத்தில் ஐஐடியின் சாரங் கலைவிழாப் போட்டி வரைக்கும் போய் வாசித்திருக்கிறார்கள். வேலை, கல்யாணம், விசா என்று கலைந்துபோனவர்கள், ஆகஸ்டில் கல்லூரியில் நடக்கும் வெள்ளி விழாச் சந்திப்புக்காக மறுபடி கூடியிருக்கிறார்கள். பாடுபவர், லீட் கிட்டார், டிரம்ஸ் மூவரும் சென்னையில். பேஸ் வாசித்தவர் டொரண்டோவில். அவருடைய இடத்தில்தான் நான்.

ஆறு பாட்டு. நாலு ஊரறிந்த பழைய ராக் பாட்டுகள், இரண்டு அவர்களே போட்டது. விரல் மரத்துப்போயிருக்கிறது, அது ஒரு பக்கம். எனக்குப் பெரிய தொல்லை வேறு. அவர்கள் சிரிக்கும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஹாஸ்டல் மெஸ், யாரோ ஒரு வாத்தியார், 1999-ல் மேடையில் அறுந்த கம்பி, எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பன் மாதிரி. இப்படி யாராவது இன்னொருவர் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறீர்களா?

டபுள்பெடல் | பிப்ரவரி 9

முதலில் கம்பியை மாற்றுங்கள் பாஸ். 22 வருஷக் கம்பியில் துரு இருக்கும், சுருதி இருக்காது. 45-105 தடிமன் செட் போதும், கை பழகும்வரை அதைவிடத் தடிமன் வேண்டாம். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் பனியன் துணியால் துடையுங்கள். நம் ஊர் வேர்வையும் கடல் காற்றும் சேர்ந்தால் புதுக் கம்பியும் ஒரு மாதத்தில் செத்துவிடும்.

விரல்நுனி காய்த்துப்போக இரண்டு மூன்று வாரம் ஆகும். தினமும் 20 நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் கொப்புளம்தான் வரும், காய்ப்பு வராது.

பெரம்பூர்_வாத்தியம் | பிப்ரவரி 10

கம்பி மாற்றும் பேச்சைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது தம்பி. நாங்கள் எங்கே வாங்கினோம்? வேகவைப்போம். பேஸ் கம்பியைக் கழற்றி, வளையமாகச் சுற்றி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம். உள்ளே ஏறிய அழுக்கு கழன்று கொஞ்ச நாளைக்குப் புதுசு மாதிரி கணீரென்று கேட்கும். அம்மாவிடம் சொல்லாமல் ரசம் வைக்கிற பாத்திரத்தில் போட்டு வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடனம் நடக்கும் காலத்தில் நான் மூன்று பேண்டுகளில் மாற்று ஆளாக வாசித்தவன். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஒன்றொன்றாக ஆஸ்திரேலியா போய்க்கொண்டிருந்த சமயம். இன்று கிட்டார்காரன் போவான், நாளை டிரம்மர். யார் போனாலும் சனிக்கிழமை நடனம் நிற்காது. அதனால் எங்களுக்கு மாற்று ஆள் என்பது அவமானமே கிடையாது. "அவர் இதை எப்படி வாசிப்பார்?" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்வார்கள், நேரம் போகும். வாசியுங்கள். தப்பாக இருந்தால் அவர்கள் முகமே சொல்லிவிடும்.

கச்சேரிக்_கேண்டீன் | பிப்ரவரி 10

நான் டிசம்பரில் சபா சபாவாக அலைகிற ஜாதி, எனக்கும் மின்சார கிட்டாருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருவில் இந்த மாதிரி மறுபடி கூடிய பேண்ட் ஒன்று போன வருஷம் வாசித்தது. சுருதி சுத்தம். காலப்பிரமாணம்தான் ரயில் பிடிக்க ஓடிற்று. முதல் பாட்டு ஆரம்பித்த வேகத்துக்கும் முடித்த வேகத்துக்கும் உறவே இல்லை.

டபுள்பெடல் | பிப்ரவரி 10

மாமா சொல்வது நூற்றுக்கு நூறு. மேடையில் நெஞ்சு படபடக்கும், நிமிஷத்துக்கு 120 அடி என்று பழகியது 132-க்குப் போய்விடும், வாசிப்பவனுக்குத் தெரியவே தெரியாது. நான் செல்போனில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் எண்ணும் செயலி) போட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, விளக்கு மட்டும் மினுக்கும்படி ஹை-ஹாட் தட்டுப் பக்கத்தில் வைத்துவிடுவேன். எண்ணி ஆரம்பிக்கும் அந்த நாலு அடியை அதைப் பார்த்துப் போட்டால் போதும்.

நாலுகம்பி | மார்ச் 2

கம்பி மாற்றியாயிற்று. அண்ணா சாலை மியூசி மியூசிக்கலில் வாங்கினேன். 1842-ல் இருந்து இருக்கிற கடை, என்னைப் போல எத்தனை பேர் "சும்மா, பையனுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டு வந்திருப்பார்களோ.

புதுச் சிக்கல். அவர்கள் சொந்தமாகப் போட்ட இரண்டு பாட்டுக்கும் எழுத்து வடிவம் எதுவும் கிடையாது. இருப்பது ஒரே ஒரு கேசட், ஹாஸ்டல் அறையில் டூ-இன்-ஒன்னை நடுவில் வைத்துப் பதிந்தது. யாரோ அதை எம்பி3 ஆக்கி அனுப்பினார்கள். அதைப் போட்டு நான் வாசித்தால் எதிலும் ஒட்டவில்லை. ஏ ஸ்வரமும் இல்லை, அதற்கடுத்த பி ஃபிளாட்டும் இல்லை, நடுவில் எங்கேயோ. கடைசியில் என் பேஸைக் கொஞ்சம் ஏற்றிச் சுருதி சேர்த்து, கேசட்டோடு சேர்த்தே பழகிவிட்டேன்.

ஞாயிறு காலை 7 மணி, சாலிகிராமத்தில் ஒரு ஜாம் ரூம், ஒத்திகை அறை. ஏன் 7 மணி என்றால் 10 மணிக்கு லீட் கிட்டார்காரர் பெண்ணை நீட் கோச்சிங்கில் விடவேண்டும். பாடுபவர் ஆரம்பித்தார், நான் சேர்ந்தேன். மூன்று பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பல்வலிக்காரன் ஐஸ்கிரீம் கடித்த முகம்.

ஒலிக்காரர் | மார்ச் 2

கேசட் வேகமாக ஓடியிருக்கிறது சார். நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடவேண்டும். பழைய மோட்டார், தேய்ந்த பெல்ட், எதுவாக இருந்தாலும் வேகம் மாறினால் சுருதியும் மாறும். ஒரு ஸ்வரஸ்தானத்திலிருந்து அடுத்ததற்குச் சுமார் 6 சதவீதம். 3 சதவீதம் வேகமாக ஓடினால் சரியாக நட்டநடுவில் போய் நிற்கும். எம்பி3-ஐ ஏதாவது இலவச எடிட்டரில் போட்டு வேகத்தை 3 சதவீதம் குறைத்துக் கேளுங்கள். சுருதியும் தாளமும் சேர்ந்தே இறங்கிவிடும்.

அந்த ஜாம் ரூம் சுவரில் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறதா? இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் இப்போதே சிரித்துப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். முட்டை அட்டை உள்ளே எதிரொலியைத்தான் கொஞ்சம் குறைக்கும், வெளியே போகிற சத்தத்தைத் தடுக்காது. அதுவும் பேஸ். உங்கள் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ், சுவரே அதோடு சேர்ந்து வாசிக்கும்.

நாலுகம்பி | மார்ச் 3

முட்டை அட்டைதான்! மேலே பச்சைப் பெயிண்ட் வேறு. ரொம்ப நன்றி, வேகத்தைக் குறைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

கீபோர்டு_அக்கா | மார்ச் 5

நாலைந்து நாளாகப் படித்துவிட்டுப் பதில் போடாமல் போய்க்கொண்டிருந்தேன். நானும் கல்லூரி பேண்டில் வாசித்தவள்தான், 1996 முதல் 1999 வரை. மற்ற நாலு பேரும் ஆண்கள். கல்யாணத்துக்கு அப்புறம் கீபோர்டு என் அம்மா வீட்டிலேயே இருந்தது, பிறகு அக்கா பையன் உடைத்தான். போன வருஷம் எங்கள் பேண்டும் மறுபடி கூடியிருக்கிறது. எனக்கு விஷயம் தெரிந்தது ஒருவர் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்த படத்தைப் பார்த்துத்தான். கேட்டதற்கு, "உனக்கு வீட்டுல வேலை இருக்கும்னு நாங்களே நினைச்சுக்கிட்டோம்" என்றார்கள்.

அதனால் நாலுகம்பி சார், இன்னொருவர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோமே என்று ரொம்பக் கூச்சப்படாதீர்கள். டொரண்டோகாரரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

பெரம்பூர்_வாத்தியம் | மார்ச் 5

அம்மா, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர்களே நினைத்துக்கொண்டார்களாமே! நீங்கள் மறுபடி வாசிக்க ஆரம்பித்தீர்களா இல்லையா, அதைச் சொல்லவில்லையே?

கீபோர்டு_அக்கா | மார்ச் 5

61 கட்டை உள்ளது ஒன்று ஜனவரியில் வாங்கினேன். ஹெட்ஃபோன் போட்டு ராத்திரி வாசிக்கிறேன். வீட்டுக்காரர் நான் டைப் அடிக்கிறேன் என்று நினைக்கிறார்.

நாலுகம்பி | ஏப்ரல் 20

அக்கா கேட்டதை அப்படியே அவர்களிடம் கேட்டேன். ஒரு நிமிஷம் யாரும் வாய் திறக்கவில்லை. அன்று ராத்திரியே வீடியோ காலில் அவரைக் கூப்பிட்டார்கள். இனிமையான மனிதர். முன்மண்டை முழுக்க வழுக்கை, பின்னால் ஜன்னலில் பனி. ஆகஸ்டில் லீவு கிடைக்காது, தாராளமாக வாசியுங்கள் என்றார். அப்புறம் என்னை வாசிக்கச் சொன்னார்.

சொந்தப் பாட்டில் ஒன்று ஏ மைனர். நாலு சுற்று ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்னத் துணுக்கு. மூன்றாவது சுற்றில் மட்டும் ஜி வரவேண்டிய இடத்தில் ஜி ஷார்ப்பைத் தொட்டு, வழுக்கி ஏவுக்கு வரும். கேசட்டில் அப்படித்தான் இருக்கிறது. இரண்டு மாதமாக என் கை அந்த ஒரு இடத்துக்காகத்தான் உழைத்தது, வழுக்கலின் நீளம் உட்பட. வாசித்து முடித்ததும் அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "சார், அது அன்னிக்கு விரல் ஒரு ஃபிரெட் தள்ளி விழுந்திடுச்சு. நான் போட்டது வெறும் ஜிதான்!"

கூத்து என்னவென்றால் மற்ற மூவரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டு எப்போதுமே அப்படித்தான் என்கிறார் பாடுபவர். 25 வருஷமாகக் கேசட்டையே கேட்டுக் கேட்டு, தப்புதான் அவர்களுக்குப் பாட்டு.

கச்சேரிக்_கேண்டீன் | ஏப்ரல் 20

இப்போதுதான் எனக்குப் பிடித்த பேச்சு வந்திருக்கிறது. ஏவை ஸட்ஜமாக வைத்தால் உங்கள் ஜி கைசிகி நிஷாதம், ஜி ஷார்ப் காகலி நிஷாதம். அதாவது 20-ஆவது மேளகர்த்தா ராகமான நடபைரவியில் போய்க்கொண்டிருந்த மனிதர், விரல் தவறி அடுத்த வீடான 21, கீரவாணிக்குள் ஒரு கால் வைத்துவிட்டு வந்திருக்கிறார். வழுக்கி ஸட்ஜத்தில் இறங்கினால் அது நன்றாகத்தான் இருக்கும். மாற்றாதீர்கள்!

டபுள்பெடல் | ஏப்ரல் 21

மாமாவை அடுத்த ரிஹர்சலுக்குக் கூட்டிப்போங்கள் தலைவா.

ஒலிக்காரர் | ஜூலை 6

ஆகஸ்ட் நெருங்குகிறது, இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். முதலாவது எர்த்திங். பல மேடைகளில் மூன்று பின்னில் எர்த் பின்னுக்கு உள்ளே ஒயரே இருக்காது. கிட்டார் ஆம்ப் ஒரு போர்டிலும் மிக்ஸர் இன்னொரு போர்டிலும் இருந்து, எர்த் சரியில்லை என்றால், கையில் கிட்டார் கம்பியோடு வாயை மைக்கில் வைத்ததும் உதட்டில் சுளீர் என்று அடிக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாதாரண மல்டிமீட்டர் வாங்கி, ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறுமுனையை மைக் வலையிலும் தொட்டுப் பாருங்கள். முள் அசைந்தாலே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரே போர்டிலிருந்து எடுங்கள். இரைச்சல் போகட்டும் என்று எர்த் பின்னை உடைக்கிற புத்திசாலி எந்த பேண்டிலும் ஒருவர் இருப்பார், அவரைப் பக்கத்தில் விடாதீர்கள்.

இரண்டாவது காது. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100-ல் 15 நிமிஷம்தான். சின்ன அறையில் டிரம்ஸ் பக்கத்தில் நின்றால் 100 சாதாரணம். காதடைப்பான் போடுங்கள். ராத்திரி படுத்ததும் காதில் 'கொய்ங்' என்று கேட்டால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது. எனக்குப் பத்து வருஷமாக அது நிற்கவில்லை.

நாலுகம்பி | ஜூலை 6

மல்டிமீட்டர் வாங்கிவிடுகிறேன். எங்கள் பேண்டில் அந்தப் புத்திசாலி யார் என்றும் தெரியும்.

நாலுகம்பி | ஆகஸ்ட் 17

நேற்று முடிந்தது. இன்னும் தோள்பட்டை வலி, தூங்கவும் இல்லை, அதனால் நீளமாக எழுதப்போகிறேன்.

கல்லூரி ஆடிட்டோரியம், மாலை ஆறரை. முன்வரிசையில் பழைய பேராசிரியர்கள், பின்னால் குடும்பங்கள், கடைசி வரிசையில் போன் பார்க்கும் பிள்ளைகள். சாப்பாட்டுக் கூடம் பக்கத்திலேயே இருந்ததால் வெங்காய பஜ்ஜி வாசனை மேடை வரை வந்தது. பாட்டு வரிசையைத் தாளில் எழுதித் தரையில் ஒட்டியிருந்தோம். மேடை ஏறினால் எனக்கு ஓர் எழுத்து தெரியவில்லை. வெள்ளெழுத்துக் கண்ணாடி கார் டேஷ்போர்டில். பாடுபவருக்கும் அதே கதை. டிரம்மர்தான் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பெயரைக் கத்திச் சொன்னார். அடுத்த தடவை தலைப்பு மட்டும், எழுத்து உள்ளங்கை அகலம்.

முதல் பாட்டு ஓடிவிட்டது, கேண்டீன் மாமா மன்னிக்கவும். மினுக்கும் விளக்கை டிரம்மர் வைத்திருந்தார், பார்க்கத்தான் இல்லை. மூன்றாவது பாட்டுக்குள் நிதானம் வந்தது.

ஐந்தாவது, அந்த ஏ மைனர். இரண்டாவது சரணத்தில் கரண்ட் போனது. முழு இருட்டு, டிரம்ஸ் மட்டும் கேட்கிறது. நிறுத்துவார் என்று பார்த்தால் மனிதர் நிறுத்தவில்லை. கூட்டம் கைதட்டத் தொடங்கியது. இருபது விநாடி இருக்கும், ஜெனரேட்டர் எழுந்தது. என் ஆம்ப் பழைய மாடல், கரண்ட் வந்த அந்த நொடியே உயிர் வந்துவிட்டது. லீட் கிட்டார்காரர் வைத்திருந்தது டிஜிட்டல் பெடல்போர்டு, அது கம்ப்யூட்டர் மாதிரி முதலிலிருந்து எழவேண்டும். ஹாலின் மிக்ஸரும் டிஜிட்டல், ஆக மைக்கும் இல்லை. மேடையில் சத்தம் போடக்கூடியவர்கள் டிரம்மரும் நானும்தான்.

வேறு வழியில்லாமல் ரிஃபைச் சுற்ற ஆரம்பித்தேன். நாலு சுற்று, மறுபடி நாலு சுற்று. ஒவ்வொரு தடவையும் மூன்றாவதில் அந்த வழுக்கல். மூன்றாவது தடவை சுற்றும்போது நடு வரிசையில் அவர்களுடைய செட்டுக்காரர்கள் அந்த இடம் வரும்போதெல்லாம் "ஹோய்" என்று குரல் கொடுக்கிறார்கள்! அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அந்தக் கேசட் ஹாஸ்டல் முழுக்கச் சுற்றியிருக்கிறது. பாடுபவர் மைக்கை இறக்கிவிட்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு கூட்டத்தோடு சேர்ந்து கத்துகிறார். ஒரு நிமிஷத்துக்கு மேல் போயிருக்கும். கிட்டார் உள்ளே வந்தபோது எனக்கு முழங்கை வரை வேர்வை.

டொரண்டோவில் காலை ஒன்பது. யாருடைய போனிலோ அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியதும் போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார்கள். "என் தப்பை என்னைவிட நல்லா வாசிக்கிறீங்க" என்றார். அவருக்குக் கொஞ்சம் கண் கலங்கியிருந்தது. எனக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், அங்கே குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆகஸ்டில்!

பெரம்பூர்_வாத்தியம் | ஆகஸ்ட் 17

தம்பி, அந்த டிரம்மர் கையை நான் குலுக்கினதாகச் சொல்லுங்கள்.

கச்சேரிக்_கேண்டீன் | ஆகஸ்ட் 17

தனி ஆவர்த்தனத்தில், தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் நேரத்தில், கூட்டம் கேண்டீனுக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது, அதுவும் பக்கத்தில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கும்போது! சபாக்காரர்கள் வந்து பார்க்கவேண்டிய விஷயம்.

நாலுகம்பி | ஆகஸ்ட் 31

விழாவோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அங்கே வந்திருந்த ஒருவர் மூலமாக ஈசிஆரில் ஒரு கஃபேயில் நவம்பர் சனிக்கிழமை வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள். காசு கிடையாது, சாப்பாடு உண்டு, "உங்களுக்கும் நாலு பேர் அறிமுகம் ஆவாங்க" என்கிறார் முதலாளி. 47 வயதில் எனக்கு யார் அறிமுகம் ஆகவேண்டும் என்று தெரியவில்லை.

ஒலிக்காரர் | ஆகஸ்ட் 31

பெட்ரோலுக்காவது வாங்குங்கள். ஓசியில் நீங்கள் வாசித்தால் அதையே தொழிலாக வைத்திருக்கும் பையன்களின் கூலியும் சேர்ந்து இறங்கும். திறந்தவெளி என்றால் ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, அதனால் 9.45-க்கு முடிக்கிற மாதிரி போடுங்கள். மற்றவர்கள் பாட்டை வாசிப்பதற்கு ஐபிஆர்எஸ் (பாட்டு எழுதியவர்கள், இசையமைத்தவர்களின் உரிமைச் சங்கம்) உரிமம் எடுப்பது கஃபேயின் பொறுப்பு என்று ஒரு வரி மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாலுகம்பி | செப்டம்பர் 7

பேசினோம். மூவாயிரமும் சாப்பாடும். மெயிலும் வந்துவிட்டது. ஆனால் ஒன்றரை மணி நேரம் கேட்கிறார்கள், எங்களிடம் இருப்பதோ ஆறு பாட்டு. புதிதாக எடுத்ததில் மூன்றுக்குக் கீபோர்டு இல்லாமல் ஆகாது. லீட் கிட்டார்காரர் அதையும் தானே கிட்டாரில் சமாளிப்பதாகச் சொல்கிறார், கேட்கச் சகிக்கவில்லை.

கீபோர்டு அக்கா, நீங்கள் எந்தப் பக்கம்?

கீபோர்டு_அக்கா | செப்டம்பர் 7

வளசரவாக்கம்.

நாலுகம்பி | செப்டம்பர் 7

அப்படியென்றால் சாலிகிராமம் பத்து நிமிஷம்! மற்ற மூவரிடமும் கேட்டுவிட்டேன், இந்தத் தடவை நாங்களாக எதையும் நினைத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு காலை 7 மணிக்கு முடியுமா?

கீபோர்டு_அக்கா | செப்டம்பர் 8

முடியும். ஆறரைக்கே வந்துவிடுவேன். அங்கே கீபோர்டு ஸ்டாண்டு இருக்கிறதா?

நாலுகம்பி | செப்டம்பர் 8

இருக்கிறது, ஒரு கால் ஆடும். கீழே கொடுக்க அட்டை நான் கொண்டுவருகிறேன். நீங்கள் காதடைப்பான் மறக்காதீர்கள்.